மலிவு விலை கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்: காசை எங்கே போடுவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “3116 ஐசி போட்ட, 100+100 வாட்ஸ் என்று எழுதிய கிளாஸ் டி போர்டு ஒன்று வாங்கினேன். இதை வைத்து, வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காக 5000 ரூபாய்க்குள் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கலாம் என்று யோசனை. எங்கள் ஊர் செட் கடை அண்ணன், 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டில் வரும் ‘பாடி’, அதாவது சத்தத்தின் கனம், இதில் வராது என்கிறார். வேறு நல்ல ஐசி வாங்க வேண்டுமா?” கேள்வி ஐசியைப் பற்றியது போலத்தான் தெரிகிறது. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போர்டில் எழுதிய வாட்ஸை நம்பலாமா என்பது ஒன்று. கையில் இருக்கும் காசை எதில் போட்டால் காதுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. நான் ராணிப்பேட்டை பக்கம் யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ் சர்வீஸில் பல வருடம் வேலை பார்த்தவன், வேலூரில் வீட்டு மாடியில் ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கேட்பவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஐசியை மாற்ற வேண்டாம். அதைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள்.

வாட்ஸ் கணக்கை முதலில் முடித்துவிடலாம், இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டிபிஏ3116டி2 என்ற இந்த ஐசியைச் செய்வது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 100 வாட்ஸ் என்ற எண் அவர்களுடைய டேட்டா ஷீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே மோனோவாக்கி, 2 ஓம்ஸ் லோடு போட்டு, 10 சதவீத டிஸ்டார்ஷனில் வருவது. ஸ்டீரியோவில் 21 வோல்ட்டில் 4 ஓம்ஸுக்கு 50+50. இதே குடும்பத்து 3118 ஐசிக்கு 24 வோல்ட்டில் 8 ஓம்ஸுக்கு 30+30 என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் 10 சதவீதத்தில்தான். 10 சதவீதம் என்றால் காதுக்கு நன்றாகவே தெரிகிற கரகரப்பு. சுத்தமாக வேண்டும் என்றால் 24 வோல்ட், 8 ஓம்ஸுக்கு 25 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சப்ளை 24 என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் உச்ச வோல்ட்டேஜ் 23ஐத் தாண்டாது. 23ஐ 23ஆல் பெருக்கி, 8 ஓம்ஸின் இரு மடங்கான 16ஆல் வகுத்தால் 33 வாட்ஸ். உள்ளே நடக்கும் இழப்பையும் கொஞ்சம் இடைவெளியையும் கழித்தால் 25தான் நிற்கும். எந்தக் கடைக்காரர் எதை எழுதினாலும் 24 வோல்ட்டிலிருந்து 8 ஓம்ஸில் 100 வாட்ஸ் எடுக்க முடியாது.

25 வாட்ஸ் போதுமா? சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீடுகளில் இருக்கிற பத்துக்குப் பன்னிரண்டு ஹாலுக்குத் தாராளமாகப் போதும். ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர், 10 வாட்ஸில் 98 டெசிபல் தரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் சத்தம் அது. சாதாரணமாகக் கேட்கும்போது சராசரியாக ஓடுவது ஒரு வாட்ஸோ அதற்கும் குறைவோதான். மீதியெல்லாம் தவில் அடிக்கும் அந்த ஒரு நொடிக்கான இருப்பு.

இப்போது அண்ணன் சொன்ன ‘பாடி’. அவர் காதில் கேட்டது உண்மை, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் வேறு. 5200–1943 போர்டுகளுக்குப் பெரும்பாலும் 35-0-35 டிரான்ஸ்பார்மர் போடுவார்கள். டையோடு, கண்டென்சர் தாண்டி வரும்போது அது பிளஸ் மைனஸ் 49 வோல்ட் ஆகிவிடும். உங்கள் போர்டுக்கு 24 வோல்ட். ஏறக்குறைய இரண்டு மடங்கு வோல்ட்டேஜ், அதாவது உச்சத்தில் 6 டெசிபல் அதிக இடம். கூடவே பேஸ், டிரெபிள் போர்டு ஒன்று இருக்கும், பேஸ் திருகி பாதிக்கு மேல் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டால் சத்தம் அதிகமாக இருப்பதுதான் ‘பாடி’யாகத் தெரியும். டோன் போர்டை எடுத்துவிட்டு, ஒரே 400 ஹெர்ட்ஸ் டோனை இரண்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து ஒரே வோல்ட்டேஜுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். இரண்டும் கிளிப் ஆகாத (வோல்ட்டேஜ் போதாமல் சத்தத்தின் உச்சி வெட்டுப்படாத) வரையில் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். முழுவதும் மறைந்துவிடுமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து உண்டு. பெரும்பாலான காதுகளுக்கு மறைந்துவிடும் என்பது என் கணிப்பு. ஒரு விஷயத்தில் மட்டும் உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடும். அது டிரெபிளில் வரும், அதற்குக் காரணம் அவுட்புட் காயில். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் கிளாஸ் டி எதற்கு? சூட்டுக்காகத்தான். அண்ணனின் 5200–1943 போர்டு கிளாஸ் ஏபி வகை. அதில் டிரான்சிஸ்டர் பாதி திறந்து பாதி மூடி நிற்கும், மிச்ச வோல்ட்டேஜ் முழுவதும் அதிலேயே சூடாகிப் போகும். பழைய பெட்டி மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் ஸ்லோவில் வைத்தால் கொதிக்குமே, அதேதான். கிளாஸ் டியில் டிரான்சிஸ்டர் முழுதாக ஆன், முழுதாக ஆஃப் என்று நொடிக்கு நாலு லட்சம் தடவை மாறுகிறது. ஆன் ஆகியிருக்கும் நேரத்தின் அகலத்தில்தான் பாட்டு இருக்கிறது. பிளஸ் மைனஸ் 24 வோல்ட்டில் ஓடும் ஏபி ஆம்ப்ளிஃபயர், 8 ஓம்ஸுக்கு 1 வாட்ஸ் கொடுக்கும்போது அதன் திறன் 13 சதவீதம்தான் வரும். ஒரு வாட்ஸ் பாட்டுக்கு ஆறேழு வாட்ஸ் சூடு. நாம் அதிக நேரம் கேட்பது அந்த ஒரு வாட்ஸில்தானே. மே மாதம் வேலூரில் வெளியே 41, 42 டிகிரி போகும்போது டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைக்கிற பெட்டிக்கு இது பெரிய விஷயம். யோசனை பழையதுதான், பிரிட்டனில் சின்க்ளேர் நிறுவனம் 1964லேயே எக்ஸ்-10 என்று கிட் விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் கைகூடவில்லை, சொன்ன 10 வாட்ஸும் வரவில்லை. இன்று அந்தக் குறை இல்லை.

காசு போக வேண்டிய முதல் இடம் பவர் சப்ளை. போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று சப்ளையிலும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் பேஸ் செத்துப்போகிறது. இரண்டு சேனலும் 25 வாட்ஸ் முழுதாக ஓடினால்கூட இழுப்பது 60 வாட்ஸுக்குள்தான். ஆகவே 24 வோல்ட், 4 ஆம்பியர் போதும். எல்இடி போர்டு விளக்குக்கு வைக்கும் ஜாலி போட்ட தகரப் பெட்டி சப்ளை பரவாயில்லை, ஆனால் மூன்றைக் கவனியுங்கள். அதில் 110/220 ஸ்விட்ச் இருந்தால் 220இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் உள்ள சின்னத் திருகியைத் திருப்பி 28 வோல்ட்டுக்கு ஏற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். இந்த ஐசிக்குச் சொல்லப்பட்ட எல்லை 26, அது தாங்கும் கடைசி வரம்பு 30. எர்த் ஒயரை விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாத சப்ளையில் பெட்டியைத் தடவினால் விரலில் கிர்ரென்று ஏறும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கண்டென்சர் வழியாகக் கசிவது அது. கையால் தொடும் பொருளை விற்கப் போகிறீர்கள், இதில் சமரசமே கூடாது.

விற்பனைக்கு என்றால் என் தேர்வு வெளி அடாப்டர்தான். லேப்டாப்புக்கு வரும் 19 வோல்ட், 4.74 ஆம்பியர், மூன்று பின் உள்ள நல்ல அடாப்டர். 8 ஓம்ஸில் 15 முதல் 20 வாட்ஸ் கிடைக்கும். 24 வோல்ட்டோடு ஒப்பிட்டால் காதுக்கு 2 டெசிபல்தான் குறைவு. 230 வோல்ட் உங்கள் பெட்டிக்குள் வராது, அது பெரிய நிம்மதி. ஆடியோ சாதனங்களுக்கான அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பதிவு எண் அச்சடித்ததையே வாங்குங்கள். நூறு முதல் 240 வோல்ட் வரை ஏற்கிற அடாப்டராக இருந்தால், கிராமத்துப் பக்கம் மாலையில் 170க்கு இறங்கும் லோ வோல்ட்டேஜும் பாட்டைத் தொடாது. இதே இடத்தில் டிரான்ஸ்பார்மர் செட் சுருங்கிப்போகும். சப்ளை எதுவானாலும் போர்டின் நுழைவில் 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி கண்டென்சர் ஒன்று இருக்கட்டும். 10000 என்று அள்ளிப் போட்டால், சப்ளை அதை ஷார்ட் என்று நினைத்து ஸ்டார்ட் ஆகாமல் விட்டு விட்டு டிக் டிக் என்று அடிக்கும்.

இரண்டாவது இடம் காயில். உங்கள் போர்டை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஐசிக்கும் ஸ்பீக்கர் கனெக்டருக்கும் நடுவில் நாலு காயில் இருக்கும். அந்த நாலு லட்சம் தடவை மாறும் துடிப்பை வடிகட்டி, பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுவது இவற்றின் வேலை. விலை குறைந்த போர்டுகளில் அவை உள்ளங்கடலை அளவு சின்ன உருளைகள், ஒயர் மெல்லியது. பாட்டே போடாமல் பத்து நிமிடம் ஆன் செய்து வைத்துவிட்டுத் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தக் காயில் லாயக்கில்லை. பாட்டு இல்லாமல் ஏன் சுடுகிறது என்றால், 24 வோல்ட்டில் 400 கிலோஹெர்ட்ஸில் 10 மைக்ரோஹென்றி காயில் வழியாகச் சும்மாவே சுமார் 1.5 ஆம்பியர் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. காயிலின் கோர் (ஒயர் சுற்றியிருக்கும் காந்தப் பொருள்) மட்டமானது என்றால் அது அங்கேயே சூடாகிறது. பேஸ் வரும்போது கரண்ட் ஏறி கோர் நிரம்பிவிட்டால் காயில் வெறும் ஒயராகிவிடும், ஐசி பாதுகாப்புக்குப் போய்ப் பாட்டு வெட்டி வெட்டி வரும். பலர் ஐசி போலி என்று சொல்வதில் பாதி உண்மையில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 7 ஆம்பியருக்கு மேல் தாங்கும், கவசமிட்ட காயிலாக வாங்கிப் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். பெங்களூரு எஸ்பி ரோடும் நமக்கு எட்டாத தூரம் இல்லை.

எத்தனை ஹென்றி என்பதில்தான் டிரெபில் விஷயம் இருக்கிறது. 10 மைக்ரோஹென்றி காயிலும் 0.68 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் சேர்ந்தால் ஃபில்டர் 61 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். அதில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் அரை டெசிபல் ஏறும், 4 ஓம்ஸ் போட்டால் முக்கால் டெசிபல் இறங்கும். காயிலை 22 ஆக்கினால் வெட்டுவது 41 கிலோஹெர்ட்ஸ். 8 ஓம்ஸுக்குத் தட்டையாக, மிக அழகாக வரும், சும்மா ஆடும் கரண்ட்டும் பாதிக்குக் கீழே போய்விடும். ஆனால் அதே பெட்டியில் யாராவது பழைய ஹோம் தியேட்டரின் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் 20 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் போய்விடும், சலங்கைச் சத்தம் மங்கிவிடும். ஸ்பீக்கரையும் நீங்களே சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் 22. யார் எதை மாட்டுவார்கள் என்று தெரியாது என்றால் 10. இந்த ஐசி தன் தவறைத் திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக்கைக் காயிலுக்கு முன்பே எடுத்துவிடுகிறது, அதனால்தான் ஸ்பீக்கருக்கு ஏற்ப டிரெபில் மாறுகிறது. புரூனோ புட்ஸீஸ் வடிவமைத்த யுசிடி மாதிரியான விலை கூடிய மாட்யூல்கள் ஃபீட்பேக்கைக் காயில் தாண்டி எடுப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கண்டென்சருக்கு ஃபிலிம் வகையே போடுங்கள். மலிவு செராமிக்கில் வோல்ட்டேஜ் ஏறினால் மதிப்பு சரிந்துவிடும்.

அப்புறம் இரைச்சல். இந்த ஐசியில் கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை) 20, 26, 32, 36 டெசிபல் என்று இரண்டு ரெசிஸ்டரில் தேர்ந்தெடுக்கலாம். 2 வோல்ட் கொடுக்கும் டிஏசிக்கு (டிஜிட்டல் பாட்டை சிக்னலாக மாற்றும் பெட்டிக்கு) 20 போதும், போனை நேரே மாட்டுபவர்களுக்கு 26. அதற்கு மேல் வைத்தால் அமைதியான நேரத்தில் ஸ்ஸ் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 36இல் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு ஐசி காட்டும் தடை) 9 கிலோஓம்ஸுக்கு இறங்கிவிடுவதால் பேஸும் கொஞ்சம் தேயும். புளூடூத் மாட்யூல் சேர்த்தால் அதற்கான 5 வோல்ட்டை இதே சப்ளையிலிருந்து நேரே எடுக்காதீர்கள், கீச்கீச் என்று டேட்டா ஓடும் சத்தம் கிரவுண்ட் வழியாக வந்துவிடும். தனிமைப்படுத்திய சின்ன டிசி-டிசி மாட்யூல் ஒன்று போட்டால் அது நின்றுவிடும். ஆன், ஆஃப் செய்யும்போது வரும் ‘டப்’ சத்தத்துக்கு, ஐசியின் ஷட்டவுன் பின்னை ஒரு ஸ்விட்சில் கொண்டுவந்து, பவருக்கு முன் அதை அணைக்கும்படி செய்யுங்கள்.

ரேடியோ தொந்தரவைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். 400 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் 800, 1200 என்று நேரே மீடியம் வேவ்வில் விழுகின்றன. வானொலி கேட்கும் பெரியவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதை நம் பெட்டி கெடுக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி வேண்டாம், ஒரு பாக்கெட் ரேடியோ போதும். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, போர்டைச் சுற்றியும் ஸ்பீக்கர் ஒயர் நெடுகவும் நகர்த்துங்கள். எங்கே உறுமுகிறதோ அங்கே ஓட்டை. சப்ளை பின்னுக்கும் அதன் சின்ன கண்டென்சருக்கும் இடையே தூரம் இருந்தால் உறுமும், தகரப் பெட்டி கிரவுண்டில் சேராவிட்டாலும் உறுமும். இந்த ரேடியோ தொந்தரவை முறையாக அளக்கும் இஎம்சி சோதனைக்கு இது மாற்று ஆகாது. நிறைய விற்கப் போகும் நாளில் லேபுக்குத்தான் போக வேண்டும், அந்தச் சட்ட விதிகளை அந்தத் துறை ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவம் பெஞ்சோடு நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதைப் பெட்டியின் பின்புறத்தில் தமிழிலேயே அச்சடியுங்கள்: ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, பெட்டியின் தகரத்திலும் தொடக் கூடாது. இந்த ஐசியில் பிளஸ், மைனஸ் இரண்டு முனையிலும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஏபி செட்டில் பழகியவர்கள் மைனஸ் என்றால் கிரவுண்ட் என்றே நினைப்பார்கள். ஆசிலோஸ்கோப்பின் கிளிப்பை அங்கே மாட்டினாலும் ஷார்ட்தான்.

பெரிய வாட்ஸ் ஆசையில் ஐஆர்எஸ்2092 என்ற வேறொரு கிளாஸ் டி ஐசி போட்ட போர்டுக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது வேண்டாம். அதற்கு இரட்டை சப்ளை, அதிக வோல்ட்டேஜ், ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்டு எல்லாம் வேண்டும். பேஸ் ஓடும்போது ஒரு பக்க சப்ளையிலிருந்து இழுத்ததை மறுபக்கத்துக்குத் திருப்பித் தள்ளும் குணமும் அதற்கு உண்டு. 5000 ரூபாய்க்குள் ஒழுங்காக முடியாது.

சொந்தமாக பிசிபி (சர்க்யூட் அச்சிட்ட போர்டு) போடுவதையும் முதல் சில பெட்டிகள் வரை தள்ளிப்போடுங்கள். ரெடி போர்டில் காயிலையும் கண்டென்சரையும் மாற்றி, கெயின் ரெசிஸ்டரைத் திருத்தி, போர்டில் சேர்ந்தே வரும் ஆப்-ஆம்ப் (சிக்னலை முன்கூட்டியே பெரிதாக்கும் சின்ன ஐசி) பகுதி தேவையில்லை என்றால் அதைத் தாண்டி சிக்னலைக் கொடுத்துப் பழகுங்கள். ஹீட் சிங்க் விஷயத்தில் 3116க்கு மேல்முதுகில்தான் சூடு வரும், சிங்க் அதில் சமமாக உட்கார வேண்டும். 3118 சூட்டை அடியில் பிசிபிக்குள் விடும். உங்களிடம் இருப்பது எது என்று லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாகச் சோதனை. 8 ஓம்ஸ், 50 வாட்ஸ் அலுமினியம் உறை ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி, அவற்றையும் ஒரு கனமான சிங்க்கில் திருகுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோனில் 24 வோல்ட் சப்ளை என்றால் 14.1 வோல்ட், 19 வோல்ட் அடாப்டர் என்றால் 11 வோல்ட் ஏசி வரும் வரை ஏற்றுங்கள். முன்னது 25 வாட்ஸ், பின்னது 15. மலிவு மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும், ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். அந்த அளவில் ஐந்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து, மூடி போட்ட பெட்டியை டிவி ஸ்டாண்டுக்குள் தள்ளி மதியம் முழுக்கப் பாட்டு ஓட விடுங்கள். இதைச் சித்திரையில் செய்யுங்கள், மார்கழியில் பாஸ் ஆனதை வைத்து வேலூரில் விற்காதீர்கள். பாஸ் ஆனால் பின்பக்கத்தில் “8 ஓம்ஸில் 25+25 வாட்ஸ்” என்றோ “15+15 வாட்ஸ்” என்றோ, அளந்ததை மட்டும் எழுதுங்கள். போர்டின் இரண்டு பக்கத்தையும் காயில் தெரியும்படி படம் எடுத்துப் போட்டால், எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.